நூலை விட்டு விலகிய படங்கள்: பீடோங் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கெடா மாநிலத்தின் பீடோங், செமிலிங், குரூண் வட்டாரத்து வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. மூல நூலை விட்டு வெகுதூரம் விலகிப் போயும் பார்ப்பதற்கு இன்பமாக இருக்கிற திரைப்படங்களை எப்படி எடுத்துக்கொள்வது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இப்பக்கங்கள் முழுவதையும் இதற்கே தருகிறேன்.

கேள்வி: புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அண்மையில்தான் படித்து முடித்தேன். அதைத் தழுவி எடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ‘உதிரிப்பூக்கள்’ படத்தை என் பெற்றோர் இன்றும் போற்றுகிறார்கள். கதைத் தலைவனின் பெயரையும் இரண்டு குழந்தைகளையும் தவிர இரண்டுக்கும் பொதுவாக எதுவும் எனக்குத் தென்படவில்லை. இதை எப்படித் தழுவல் என்று சொல்வது? (வாசகி, பீடோங்)

பதில்: நீங்கள் கண்டது சரிதான். நூலில் வருகிற சுந்தரவடிவேலு படித்தவர், நகரத்தில் வாழ்பவர். மனைவியை இழந்தபின் இளம்பெண் ஒருத்தியை மணந்துகொள்கிறார். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் இடையில் மனங்கள் படும் பாட்டைப் புதுமைப்பித்தன் வெகு நுட்பமாக எழுதிச் செல்கிறார். 1979இல் வெளிவந்த படத்திலோ சுந்தரவடிவேலு ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடம் நடத்துகிற, தன்னைச் சுற்றியுள்ள எவருடைய மகிழ்ச்சியையும் பொறுத்துக்கொள்ள மாட்டாத கொடியவன். நூலின் மனிதரை அவருடைய பலவீனங்களோடு நாம் புரிந்துகொள்கிறோம். படத்தின் மனிதனைக் கண்டு அஞ்சுகிறோம்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. நூலில் கதை தொடங்கும் முன்பே இறந்துபோய், பிறர் நினைவில் மட்டும் வாழ்கிற முதல் மனைவி, படத்தில் நெடுநேரம் நம் கண்முன்னே உயிரோடு நடமாடுகிறாள். நோயாளியான அந்த லட்சுமி, தான் போனபின் தன் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலையை வாய்விட்டுச் சொல்லவும் இயலாமல் அவர்களைத் தூங்கவைக்கிறாள். ‘அழகிய கண்ணே’ பாடல் அந்த இடத்தில் செய்கிற வேலையை எந்த உரையாடலாலும் செய்திருக்க முடியாது. சிற்றன்னை வந்தபின் குழந்தைகளின் நிலை என்ன ஆகும் என்பது புதுமைப்பித்தனின் கேள்வி. சிற்றன்னை வருவதற்கு முன்பே, தாய் கண் மூடுவதற்கு முன்பே அந்தக் குழந்தைகள் எப்படி அநாதைகளாகிக் கொண்டிருக்கிறார்கள் என்பது இயக்குநர் மகேந்திரனின் கேள்வி. முன்னவரின் கேள்வி இல்லாமல் பின்னவருடையது பிறந்திருக்க முடியாது. அதனால்தான் நூலிலிருந்து ஒரு காட்சியைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ளாத அந்தப் படத்தின் தொடக்கத்தில் புதுமைப்பித்தனின் பெயர் மதிப்போடு இடம்பெறுகிறது. அந்தப் பெயரைப் போடாமல் விட்டிருந்தால் பார்த்தவர்களில் மிகச் சிலருக்கே ஐயம் எழுந்திருக்கும். கடனைக் கண்ணியமாக ஒப்புக்கொண்ட அந்தச் செயலுக்காகவே நான் மகேந்திரனை மதிக்கிறேன்.

படத்தின் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைத்துனிக்குச் சுந்தரவடிவேலு இழைத்த அவமானத்துக்குப் பின் ஊரார் ஒன்றுதிரண்டு அவனை ஆற்றுக்கு அழைத்துச் செல்கிறார்கள். தான் செய்த தவறுகளிலேயே பெரியது, நல்லவர்களாக இருந்த அவர்களையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டதுதான் என்ற பொருள்படச் சொல்லிவிட்டு அவன் நீரில் இறங்குகிறான். இந்த முடிவுக்கு நூலில் வித்துக்கூடக் கிடையாது. ஆயினும், ஒரு வீட்டின் கூடத்துக்குள் நிகழ்கிற கதையை ஊர் முழுவதும் பார்க்கிற கதையாக மாற்றிய பிறகு, அதற்கான தீர்ப்பும் ஊரின் கையில்தானே இருக்க முடியும்? விலகல் என்று ஒன்று நிகழ்ந்தால் அது தன் நியாயத்தைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். ‘உதிரிப்பூக்கள்’ கொண்டுபோயிருக்கிறது. உங்கள் பெற்றோரோடு அமர்ந்து மீண்டும் ஒருமுறை பாருங்கள். இம்முறை லட்சுமியை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்த காலத்தில் அதை வாரந்தோறும் படித்தவர் என் தாத்தா. படம் கதையைக் குறுக்கிக் கெடுத்துவிட்டது என்று இன்றும் வருந்துகிறார். அவருக்கு என்ன சொல்வது? (வாசகர், குரூண்)

பதில்: தாத்தாவின் வருத்தம் நியாயமானது, அதை மாற்ற முயல வேண்டாம். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய அந்தக் கதை, கோபுலுவின் ஓவியங்களோடு வாரம் வாரம் வளர்ந்தது. அவ்வளவு நீண்ட தொடரை ஒரு மாலைப்பொழுதுக்குள் அடக்க வேண்டிய ஏ. பி. நாகராஜன் 1968இல் பலவற்றை வெட்டினார், சிலவற்றைப் பெருக்கினார். ஆனால் எழுத்தில் நாம் கற்பனை மட்டுமே செய்துகொள்ள முடிந்த நாகசுரம், படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சாக நம் காதுக்கே வந்து சேர்ந்தது. நஞ்சு தோய்ந்த கத்தியால் காயம்பட்டு மீண்ட சண்முகசுந்தரத்திடம் மோகனா நலம் விசாரிக்கிற இடத்தில், சபை நிறைய மனிதர்கள் இருக்க, இருவர் மட்டும் பேசிக்கொள்வதை ஆட்டமும் வாத்தியமுமாகவே காட்டிவிட்டார்கள். தாத்தாவுக்கு அந்தப் பாடலை மட்டும் போட்டுக் காட்டுங்கள். மற்றதை அவர் விகடன் பக்கங்களிலேயே வைத்திருக்கட்டும்.

கேள்வி: என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாலாவின் ‘பரதேசி’யைப் பார்த்துவிட்டுத் தேம்பி அழுதார். அதன் மூலமான ‘எரியும் பனிக்காடு’ நாவலைப் படித்த என் நண்பரோ, படம் நூலுக்குத் துரோகம் செய்துவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகி, பாடாங் செராய்)

பதில்: இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்த ஒரு படத்தில் நல்ல விலகலும் தீய விலகலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாக்காட்டிலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலும் வேர்விட்ட நமக்கு இது வெறும் திரை விவகாரம் அன்று என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நாவலை ஆங்கிலத்தில் எழுதியவர் பி. எச். டேனியல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் முன்னின்றவர். 1969இல் வெளிவந்த அந்நூலை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தார். பஞ்சம் பிழைக்க வழி தேடும் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பி மலையேறுகிறார்கள். முன்பணம் கடனாகி, கடன் தளையாகி, அட்டையும் குளிரும் காய்ச்சலும் மேஸ்திரியின் தடியும் அவர்களை வளைத்துக்கொள்கின்றன. டேனியல் இதைக் கதையாகச் சொன்னாலும், பதிவேடுகளைப் பார்த்தவர், நோயாளிகளின் நாடியைப் பிடித்தவர் என்ற முறையில் ஒரு சாட்சியாகவே எழுதினார்.

பாலா 2013இல் எடுத்த படம் இந்த இணையரை விட்டுவிட்டு, ஊருக்குத் தண்டோரா போட்டு, கிடைத்ததை உண்டு திரிகிற ராசா என்ற வெள்ளந்தி இளைஞனைத் தலைவனாக்கிக்கொண்டது. அந்த ராசாவுக்கு வேர் ‘எரியும் பனிக்காடு’ அன்று. படத்துக்கு உரையாடல் எழுதிய நாஞ்சில் நாடனின் ‘இடலாக்குடி ராசா’ என்ற சிறுகதை. இரண்டு வேறு எழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்ததனால் முதல் பாதி நாவலில் இல்லாத ஒரு கிராமத்து வாழ்க்கையாக விரிகிறது. இதை நான் குறையாகக் கருதவில்லை. கங்காணியின் பேச்சில் மயங்குவதற்கு முன்னால் அந்த மனிதர்களுக்கு ஒரு ஊர் இருந்தது, சிரிப்பு இருந்தது, திருமணச் சாப்பாடு இருந்தது என்று காட்டியபின், அவர்கள் கூட்டமாகக் கால்நடையாகப் புறப்படுகிற காட்சி இரண்டு மடங்கு கனக்கிறது.

படத்தின் இறுதிக் காட்சியும் நல்ல விலகல்தான். ஊரில் பத்திரமாக இருப்பதாக ராசா நம்பிக்கொண்டிருக்கிற அங்கம்மா, அவனுடைய குழந்தையோடு, கங்காணி கூட்டிவந்த புதிய ஆட்களோடு சேர்ந்து அதே தோட்டத்துக்கு வந்து சேர்கிறாள். மலையின்மேல் நின்று அவன் கதறுகிறான். கணவன் மனைவியாகவே கிளம்பிப் போகிற நாவலில் இந்தக் காட்சிக்கு இடமே கிடையாது. ஆனால் ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்ட கடன் அடுத்த தலைமுறையையும் தேடி வந்து கட்டுகிறது என்ற நாவலின் உட்பொருளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? உங்கள் பாட்டி அழுதது இந்த இடத்திலாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்ட பிறகும், 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை கங்காணிமார்கள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டிக் கப்பலேற்றினார்கள். அண்ணன் இருக்கிற தோட்டத்துக்குத் தம்பியும், மாமன் இருக்கிற லயத்துக்கு மருமகனும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். பாட்டி திரையில் பார்த்தது தம் குடும்பத்தின் கதையை.

தீய விலகல் மருத்துவரைப் பற்றியது. நாவலில் வருகிற மருத்துவர் ஆபிரகாம் தொழிலாளர்களின் துயரத்தைக் கண்டு மனம் பொறுக்காதவர். டேனியலின் சொந்த அனுபவத்தின் சாயல் அவரிடம் இருக்கிறது. படத்தில் வருகிற மருத்துவரோ, சாவு விழுகிற லயங்களுக்கு நடுவே வெள்ளைக்கார மனைவியோடு ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவராக, நகைப்புக்குரியவராகக் காட்டப்படுகிறார். கண்ணால் கண்டதை எழுதிவைத்துச் சாட்சி சொன்ன மனிதரைப் படம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. நூலில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதற்கு இயக்குநருக்கு உரிமை உண்டு. நூல் எவரை நன்றியோடு நினைவுகூர்கிறதோ அவரையே இழிவுபடுத்துவதற்கு எந்தக் கலைத் தேவையும் காரணமாக முடியாது. நம் தோட்டங்களிலும் நடுநிசியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு லயத்துக்கு வந்து ஊசி போட்ட டிரசர்கள் இருந்தார்கள். காலை ஆள்கணக்கான பிரட்டுக்கு வராதவனை நோயாளி என்று ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டாமவரைக் காட்ட விரும்பியிருந்தால் அதற்கென்று வேறொரு பாத்திரத்தைப் படைத்திருக்கலாம். உங்கள் நண்பரின் கோபம் இதைப் பற்றியதாக இருந்தால் நான் அவர் பக்கமே நிற்கிறேன்.

பாட்டிக்கு அந்த நாவலைப் படித்துக் காட்டுங்கள். படம் விட்டுவிட்டவற்றை அவரே சொல்லி முடிப்பார்.

கேள்வி: வெற்றிமாறன் தொடர்ந்து நூல்களிலிருந்தே படம் எடுக்கிறார். அவர் நூலுக்கு உண்மையானவரா? (வாசகர், சுங்கைப்பட்டாணி)

பதில்: நூலின் சினத்துக்கு உண்மையானவர், கதைக்கு அல்லர். ‘விசாரணை’யின் முதல் பாதி, கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தாம் குண்டூர்க் காவல் நிலையத்தில் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நூலிலிருந்து வருகிறது. விடுவிக்கப்பட்ட அந்த இளைஞர்கள் தமிழகக் காவலர்களின் கையில் மற்றொரு வழக்கின் சாட்சிகளாகச் சிக்குகிற இரண்டாம் பாதி, இயக்குநர் சேர்த்தது. முதல் பாதியில் அடிபடுகிறவனின் இடத்திலிருந்து பார்த்த நாம், இரண்டாம் பாதியில் அடிக்கிறவர்களின் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். ஒரு மனிதரின் அனுபவம் ஒரு அமைப்பின் கதையாக மாறுவது அங்கேதான்.

‘அசுரன்’ பற்றி எனக்கு இரு மனம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்த மெலிந்த நாவல். கொலை செய்துவிட்ட சிறுவனும் அவன் தந்தையும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிற சில நாள்களைத் தவிர அதில் வேறில்லை. தீயை மூட்டிச் சமைக்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், நடக்கிறார்கள். அந்தச் சாதாரணத்துக்குள்ளேதான் அச்சம் இருக்கிறது. படம் தந்தையின் இளமைக்கு ஒரு பெரிய முன்கதையைக் கொடுத்து, ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் வரலாற்றையும் குடிசைகளோடு மனிதர்கள் எரிக்கப்பட்ட கொடுமையையும் உள்ளே கொண்டுவந்தது. தனுஷின் நடிப்பும் அந்த முன்கதையும் சேர்ந்து அரங்கையே எழுந்து நிற்கவைத்தன. நானும் வியந்து பார்த்தேன். ஆனாலும் தந்தையும் மகனும் காட்டில் பேசிக்கொள்கிற அந்தப் பக்கங்கள் படத்தில் சுருங்கிப்போனதை என்னால் மறக்க முடியவில்லை. ‘வெக்கை’யைப் படிக்காதவர்கள் தவறாமல் படிக்க வேண்டும்.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் மணிமேகலையையே காணோம். இதை எப்படி மன்னிப்பது? (வாசகி, கூலிம்)

பதில்: மணிமேகலையை விட்டதை நானும் மன்னிக்கவில்லை. ஐந்து பாகங்கள் கொண்ட நாவலை இரண்டு படங்களாக்கும்போது யாரையாவது விடத்தான் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வந்தியத்தேவனை ஒருதலையாக நேசித்த அந்தப் பெண்ணின் முடிவோடு கல்கி நாவலையே முடிக்கிறார் என்பதை நினைத்தால், அது எளிய நீக்கம் அன்று.

அதைவிடப் பெரிய நீக்கம், மதுராந்தகன், சேந்தன் அமுதன் இருவரின் பிறப்பு மர்மம். செம்பியன் மாதேவி வளர்த்த மகன் வேறு, பெற்ற மகன் வேறு என்ற அந்த முடிச்சைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மதுராந்தகன்தான் இருக்கிறார், முடிவில் அருண்மொழிவர்மர் அவருக்கே முடி சூட்டுகிறார். கல்கி கதையில் ஒரு திருப்பத்தின் உதவியோடு நிகழ்கிற தியாகம், படத்தில் எந்த உதவியும் இல்லாமல் நிகழ்கிறது. அரியணைக்காகச் சதி செய்தவர் என்று தெரிந்தும் அதை அவருக்கே கொடுப்பது இன்னும் கடினமான கொடை என்பதால், இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆதித்த கரிகாலன் எப்படி இறந்தான் என்பதைக் கல்கி கடைசிவரை புகைமூட்டமாகவே விட்டுவைத்தார். மணிரத்னம் அந்த அறைக்குள் நம்மை அழைத்துப் போய்க் கரிகாலனையும் நந்தினியையும் நேருக்கு நேர் நிறுத்துகிறார். விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நடித்த அந்தக் காட்சி எனக்குப் பிடித்தது. புகைமூட்டம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நாவல் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்தில் பாலம் தகர்க்கப்படுகிறது, நாவலில் தகர்க்கப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். உண்மையா? என் கொள்ளுத் தாத்தா சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர். (வாசகர், கோல கெட்டில்)

பதில்: உண்மைதான். 1952இல் வெளிவந்த நாவலில் பாலம் அப்படியே நிற்கிறது. ரயில் மட்டுமே தடம்புரள்கிறது. 1957இல் டேவிட் லீன் எடுத்த படத்தில், தாம் பெருமையோடு கட்டிய பாலத்தைக் காக்கத் துடித்த, ஜப்பானியரிடம் போர்க் கைதியாக இருந்த ஆங்கிலேய அதிகாரி, கடைசி நொடியில் தாம் செய்தது என்னவென்று உணர்ந்து, வெடியை இயக்கும் விசைமேலேயே சாய்கிறார். பாலம் ரயிலோடு ஆற்றில் விழுகிறது. நாவலாசிரியர் அந்த மனிதருக்குக் கடைசிவரை கண் திறக்கவில்லை, படம் திறந்துவிட்டது. வீண்பெருமையின் குருட்டுத்தனத்தைப் பற்றிய நூல் என்ற அளவில் நாவலின் முடிவே கூர்மையானது. ஆனால் இரண்டரை மணி நேரம் அந்தப் பாலம் எழுவதைப் பார்த்தவர்களுக்கு அது விழுவதையும் காட்டாமல் அனுப்ப முடியாது என்று லீன் கருதியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

நாவலை எழுதிய பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1936இல் மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்டங்களில் பொறியாளராக வேலை பார்த்தவர். அவருடைய மற்றொரு நாவலான ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ 1968இல் படமானபோதும் முடிவு அடியோடு மாறியது. பாதி மண்ணில் புதைந்து நிற்கும் சுதந்திர தேவி சிலையைக் கண்டு கதைத் தலைவன் குமுறுகிற அந்தப் புகழ்பெற்ற காட்சி நாவலில் கிடையாது. நாவலில் அவன் பூமிக்குத் திரும்பி வந்து இறங்கும்போது அவனை வரவேற்பது ஒரு குரங்கு.

இனி உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போடவைத்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் போர்க் கைதிகள் மட்டும் போடவில்லை. அவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் மிகப் பலர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றன. நாவலின் மையத்திலும் அவர்கள் இல்லை, படத்தின் மையத்திலும் இல்லை. நூலை விட்டு இவ்வளவு துணிவாக விலகத் தெரிந்த படம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நூலோடு ஒட்டிக்கொண்டது எனக்கு ஆறாத குறை. படம் உலகெங்கும் புகழ்பெற்ற பிறகு, பாலத்தைத் தேடி வந்த பயணிகளுக்காகக் காஞ்சனபுரியில் மே குளோங் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் என்ற பெயரே சூட்டப்பட்டது. ஒரு ஆற்றின் பெயரையே மாற்ற முடிந்த படத்துக்கு, அந்த ஆற்றங்கரையில் புதைந்தவர்களைக் காட்டுவது கடினமாக இருந்திருக்காது. இவ்வளவும் தெரிந்த பின்னரும் அந்தப் படத்தை நீங்கள் விரும்பிப் பார்க்கலாம். அதில் எந்தக் குற்றமும் இல்லை. உங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிற செய்திகளைத் தாமதிக்காமல் எழுதிவையுங்கள்.

கேள்வி: எழுதியவரே படத்தை ஏற்க மறுத்தால், நாம் அதை ரசிப்பது முறையா? (வாசகர், பீடோங்)

பதில்: முறைதான். இயக்குநர் குப்ரிக் எடுத்த ‘தி ஷைனிங்’ படத்தை, அதன் மூல நாவலை எழுதிய ஸ்டீபன் கிங் பல்லாண்டுகளாகக் குறை கூறிவந்தார். 1997இல் தம் மனம்போல் அதைத் தொலைக்காட்சித் தொடராகவும் ஆக்கிக் காட்டினார். உலகம் இன்னும் குப்ரிக்கின் படத்தைத்தான் பார்த்து நடுங்குகிறது. எழுதியவரின் வருத்தத்தை மதிக்க வேண்டும். அந்த வருத்தத்தை நாமும் பட வேண்டும் என்பதில்லை.

எழுதியவரே தம் கதையை விட்டு விலகுவதும் உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், கெடுக்கப்பட்டுத் திரும்பிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் தேற்றுகிறாள். அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் ஊர் அறியக் கூச்சலிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று அவரே எண்ணிப் பார்த்து எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அது 1977இல் பீம்சிங்கின் இயக்கத்தில் படமானது. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். படைத்தவர் தமக்குத் தாமே எடுத்துக்கொண்ட உரிமையை மற்றொரு படைப்பாளிக்கு மறுப்பதற்கு வலுவான காரணம் வேண்டும்.

கேள்வி: மலாய் நாவல்களில் இவ்வாறு வெகுதூரம் பயணப்பட்டது ஏதேனும் உண்டா? இடைநிலைப்பள்ளியில் மலாய் இலக்கியம் பயில்கிறேன். (மாணவி, செமிலிங்)

பதில்: உன் மாநிலத்து நாவலே நாடு கடந்து போயிருக்கிறது, அம்மா. நம் கெடாவின் சீக் வட்டாரத்தில் பிறந்த தேசிய இலக்கியவாதி ஷானோன் அமாட் 1966இல் எழுதிய ‘ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்’ நாவலில், லாஹுமா என்ற நெல் விவசாயி காலில் முள் தைத்துப் புண் புரையோடி இறக்கிறான். ஏழு பெண்பிள்ளைகளோடு தனித்து நிற்கிற மனைவி ஜேஹா, வயலின் சுமையைத் தாங்க மாட்டாமல் மனம் பிறழ்கிறாள். இதைக் கம்போடிய இயக்குநர் ரித்தி பான் 1994இல் ‘ரைஸ் பீப்பிள்’ என்ற படமாக எடுத்தார். அது கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது.

கதை நிகழ்ச்சிகளில் படம் நாவலை நெருக்கமாகவே பின்பற்றுகிறது. மண் மட்டும் மாறிவிட்டது. கெடாவில் அந்தக் குடும்பத்தை அழிப்பவை முள்ளும் நண்டும் வெள்ளமும். கம்போடியாவிலோ அதே வயலின் பின்னால் கெமர் ரூஜ் ஆட்சியின் பேரழிவு நிற்கிறது. அந்த ஆட்சியில் தம் குடும்பத்தை இழந்தவர் ரித்தி பான். அதனால் மனம் பிறழ்கிற தாயைப் பார்க்கும்போது, ஒரு பெண்ணின் துயரத்தோடு ஒரு நாடு நெல் விளைவிக்கவே மறந்துபோன காலமும் நம் முன் வந்து நிற்கிறது. ஒரு சொல்லையும் பெரிதாக மாற்றாமல் இவ்வளவு தூரம் விலக முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. முதலில் நாவலைப் படி. தேர்வுக்காக மட்டும் படிக்காதே.

கேள்வி: நம் நாட்டுத் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவல் படமானால், இயக்குநர் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பீர்கள்? (வாசகர், பீடோங்)

பதில்: அகிலன் 1970களில் இங்கு வந்து தோட்டங்களைப் பார்த்து எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ இருக்கிறது, நம்மவரான ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது. எதைப் படமாக்கினாலும் தலைவனின் பெயரை மாற்றட்டும், காதலைக் கூட்டட்டும் அல்லது குறைக்கட்டும், இரண்டு பாத்திரங்களை ஒன்றாக்கட்டும், முடிவைக்கூட வேறாக்கட்டும். பாட்டு வேண்டுமென்றால் வைக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் போட்ட காலத்தில் பாட்டுக்காகவே மணலைக் குவித்து இடம் பிடித்தவர்கள் நாம்.

ஆனால் விடியும் முன்னே பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிய பெண்களை வெறும் பின்னணியாக நிறுத்தக்கூடாது. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை என்ற கணக்கைப் பார்ப்பவருக்குப் புரியவைக்காமல் விடக்கூடாது. தோட்டம் கைமாறி, கித்தா போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியானபோது யார் முடிவெடுத்தார்கள், யார் மூட்டை கட்டினார்கள் என்பதை இடம் மாற்றிச் சொல்லக்கூடாது. இவை மூன்றும் சரியாக இருந்துவிட்டால், நூலின் ஒரு வரிகூடத் திரையில் இல்லாவிட்டாலும் நான் முதல் நாளே சுங்கைப்பட்டாணிக்குப் போய்ச் சீட்டு வாங்குவேன்.